அமுக்கி வைத்த பட்டன்

காலை எட்டேகால் மணி.

மலேசியாவின் லாபுவில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு பழைய கொட்டகை இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட இடம். இப்போது அது நல்லசாமியின் இயந்திரப் பட்டறை. அன்று காலை அங்கிருந்து எழுந்த அலறலைக் கேட்டு, எதிரே பழக்குலை ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபீஸ் அறையிலிருந்து கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் விமலா ஓடி வந்தாள். மெஷின் ஓட்டும் ரவிச்சந்திரன், இரும்பு வெட்டும் மில்லிங் மெஷினின் பக்கவாட்டில் மண்டியிட்டிருந்தார். அவருடைய வலது கை மெஷினுக்குள் இருந்தது. முதல் நாள் ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலையின் நூல் விரல்களில் சுற்றிக்கொண்டு, அவற்றை மெஷினின் சுழலும் தலைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே இழுத்துப் போயிருந்தது. மெஷினின் மறுபக்கம் பட்டறையின் இளம் மெக்கானிக் ஹேமநாதன் சிலையாக நின்றான். அவன் விரல் இன்னும் ஒரு பச்சை பட்டனின் மேல் இருந்தது.

மெயின் சுவிட்சை இழுத்துக் கரண்டை நிறுத்தியவர் மேற்பார்வையாளர் திருச்செல்வம். கையை வெளியே எடுப்பதற்குள் எல்லாருடைய சட்டையும் நனைந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ரவிச்சந்திரன் கத்தவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் செவப்பு பட்டன அமுக்கினேன்ல? அமுக்கித்தானே வச்சேன்?"

பட்டன் அமுங்கித்தான் இருந்தது. ஆபத்து நேரத்தில் மெஷினை நிறுத்துவதற்கென்றே இருக்கும் பெரிய சிவப்பு பட்டன் அது. அது அமுங்கிய பிறகும் மெஷின் எப்படிச் சுழன்றது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

சற்று நேரத்தில் வந்து சேர்ந்த முதலாளி நல்லசாமிக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது போலிருந்தது. போலீசுக்குப் போன் போட்டார். விபத்து என்று சொல்லவில்லை. ஹேமநாதன் வேண்டுமென்றே செய்துவிட்டான் என்றார்.

காலை பத்து மணி.

இன்ஸ்பெக்டர் மாதவி சிரம்பானிலிருந்து ஒரு கான்ஸ்டபிளோடு வந்து இறங்கினார். அவருக்குத் தெரிந்த ஒரே மெஷின் வீட்டில் துணி துவைக்கும் மெஷின். அதுவும் பாதி நாள் அவர் பேச்சைக் கேட்காது. இதை ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படுவதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டிக் கேஸைக் கெடுத்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார் திருச்செல்வத்திடம்.

திருச்செல்வம் சொன்னார். கம்ப்யூட்டர் சொல்படி இரும்பு வெட்டும் இந்த சிஎன்சி மெஷின் முப்பது வருடத்துப் பழசு. வெட்டும் கருவி இடம் வலம் போகும், முன்னே பின்னே போகும், மேலே கீழே போகும். மூன்று திசை, அவ்வளவுதான். வெட்டப்படும் இரும்பைத் திருப்பத் தெரியாது. செம்பனை ஆலையில் பழத்தைப் பிழியும் பெரிய திருகாணியைச் செய்ய வேண்டுமென்றால் இரும்பு சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அதற்காக, கிள்ளானில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒரு சுழல்தலையை வாங்கி, நான்காவது அச்சாக இந்த மெஷினில் பொருத்தியிருந்தார்கள். பொருத்தியவன் ஹேமநாதன். பழைய மெஷினின் மூளைக்கு நான்காவது அச்சைத் தெரியாது என்பதால் அதற்குத் தனியாக ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பச்சை பட்டன் அதில்தான் இருக்கிறது.

"அப்போ செவப்பு பட்டன்?"

"அது பழைய மெஷினோடது, புவான்." மேடம் என்பதற்கு அங்கே புவான்தான். "அத அமுக்கினா இந்தச் சுழல்தலை ரோட்டரியும் நிக்கணும்னு ஹேமா தனியா வயர் இழுத்திருந்தான். நேத்து சாயங்காலம்கூட நான் நின்னு பாத்தேன். செவப்ப அமுக்கினான், நின்னுச்சு."

மாதவி பட்டறையை ஒரு சுற்று சுற்றினார். முதல் நாள் பூஜையின் கோலம் அப்படியே இருந்தது. கடைசல் மெஷின், துளை போடும் மெஷின், காற்றழுத்த டாங்கி, சாணை, ஏன், ஆபீசில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில்கூட விடுபடவில்லை. எல்லாவற்றுக்கும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். மூலையில் சாமிப் படத்துக்குக் கீழே பூஜைத் தட்டு இருந்தது. அதில் அணைந்த சூடமும், மீந்த சந்தனக் கிண்ணமும், குங்குமச் சிமிழும் இருந்தன.

மில்லிங் மெஷினின் முதுகில் ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று நின்றது. மெஷினின் கரண்டு வயர்கள் எல்லாம் அதற்குள்தான். அதன் கதவும் சட்டமும் சேரும் கோட்டின் மேல், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவே குங்குமம். கோட்டின் இரு பக்கமும் படர்ந்திருந்த பொட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"இத யாரு கடைசியா தொறந்தது?"

"நேத்து ஹேமாதான் மூடினான். அதுக்கப்புறம் பொட்டு வச்சாச்சு. பூஜை போட்ட மெஷின மறுநாள் வரைக்கும் யாரும் தொட மாட்டோம். தொறந்திருந்தா காஞ்ச சந்தனம் உதுந்திருக்குமே" என்றார் திருச்செல்வம்.

அது நியாயமாகத்தான் பட்டது. அரக்கு முத்திரை வைத்த மாதிரி இருந்தது அந்தப் பொட்டு. கான்ஸ்டபிள் படம் எடுத்துக்கொண்டார். பிறகு மாதவி பெட்டியைத் திறக்கச் சொன்னார். திருச்செல்வம் ஸ்க்ரூடிரைவரால் தாழ்ப்பாளைத் திருப்பினார். சந்தனம் பொருக்குப் பொருக்காகத் தரையில் கொட்டியது.

உள்ளே நூற்றுக்கணக்கான வயர்கள். திருச்செல்வத்தின் கண் மேலிருந்து கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. அவர் முகம் வெளுத்தது. இரண்டு திருகுகளுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு மஞ்சள் வயர் வளைந்திருந்தது.

சிவப்பு பட்டனை அமுக்கினால் அந்த இரண்டு திருகுகளுக்கும் இடையே தொடர்பு அறுபடும். நான்காவது அச்சு நின்றுவிடும். இந்தத் துண்டு வயர் அந்தத் தொடர்பை அறுபடாமல் இணைத்து வைத்திருந்தது. சிவப்பு பட்டனை அமுக்கினாலும் ஒன்றுதான், அமுக்காவிட்டாலும் ஒன்றுதான். ரவிச்சந்திரன் நம்பி அமுக்கியது வெறும் பிளாஸ்டிக் துண்டை.

ஆபீஸ் அறையில் நல்லசாமி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது. நெற்றியில் திருநீறு கலையாமல் இருந்தது. முதலில் தன் கதையைச் சொன்னார். இதே தோட்டத்து ரப்பர் ஆலையில் வயர்மேனாக வேலைக்குச் சேர்ந்தவர். இந்தக் கொட்டகைக்கு முதன்முதலில் விளக்குப் போட்டதே தன் கைதான் என்றார். இன்று பதினொரு மணிக்கு செம்பனை ஆலையின் இன்ஜினியர் வந்து, நான்காவது அச்சு வேலை செய்வதைப் பார்ப்பதாக இருந்தது. பார்த்துத் திருப்தி என்றால் ஆலையின் திருகாணி வேலை முழுதும் இங்கே வரும். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போகும். அந்த வேலையை நம்பித்தான் பட்டறையே நிற்கிறது என்று அவர் சொல்லும்போது குரல் உடைந்தது.

பிறகு ஹேமநாதனைப் பற்றிச் சொன்னார். ஒரு மாதமாகவே இழுத்தடிக்கிறான். நான்காவது அச்சு ஓடும்போது சில சமயம் திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது, காரணம் தெரியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்றான். முடியாது என்றார் இவர். நேற்று மத்தியானம் அது பெரிய சண்டையானது. ஒரு மெஷினை முடிக்கத் துப்பில்லை என்று ரவிச்சந்திரன் எல்லார் முன்னாலும் ஹேமநாதனைக் கேலி செய்தார்.

"அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா புவான்? 'இந்த அவசரத்துல ஒருநா உங்க கைதான் போகும்'னான். நான் என் காதால கேட்டேன். அதுக்கப்புறம்தான் நான் கார எடுத்துக்கிட்டு சிரம்பானுக்குப் போனேன்."

"திரும்பி எப்ப வந்தீங்க?"

"சரியான ஜாம் லா. சூடம் கொளுத்துற நேரத்துக்குத்தான் வந்து சேந்தேன். பூஜை முடிஞ்சு எல்லாரும் ஒண்ணா கெளம்பினோம்."

"பட்டறைக் கதவு சாவி?"

"மூணு. என்கிட்ட ஒண்ணு, திருகிட்ட ஒண்ணு, ஹேமாகிட்ட ஒண்ணு."

வெளியே போகும்போது அவர் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, ரவியின் மனைவி ரதியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாராம், இதைச் செய்தவனைச் சும்மா விடமாட்டேன் என்று. மாதவி குறித்துக்கொண்டார்.

அடுத்து ஹேமநாதன். சம்பவம் நடந்ததிலிருந்து அவனைச் சாமான் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். இருபத்தெட்டு வயது. சட்டையில் ரவிச்சந்திரனின் ரத்தம் காய்ந்திருந்தது.

"பட்டன அமுக்கினது நீங்களா?"

"பச்ச பட்டன் நான். செவப்பு ரவி அண்ணன்."

"உள்ள ஒரு ஆளு கை இருக்கும்போது ஏன் பச்சைய அமுக்கணும்?"

"கை இருந்தது தெரியாது, புவான். அவரு அந்தப் பக்கம், மெஷின மறைக்கிற தகரத்துக்குப் பின்னால இருந்தாரு. மால சுத்திக்கும்னு எடுக்கப் போயிருக்காரு. தினமும் காலையில நான் பண்ற டெஸ்ட் அது. செவப்பு அமுங்கியிருக்கும்போது பச்சைய அமுக்கிப் பாப்பேன். சுத்தக்கூடாது. சுத்தலன்னாதான் வேலைய ஆரம்பிப்போம்."

"அந்தப் பக்கம் யாரும் இருக்காங்களான்னு குரல் கொடுத்தீங்களா?"

அவன் தலை குனிந்தது. கொடுக்கவில்லை. சிவப்பு பட்டன் அமுங்கியிருந்தது, அதனால் தோன்றவில்லை.

"பெட்டிக்குள்ள மஞ்ச வயர்?"

"நான் வைக்கல."

"நேத்து பெட்டிய கடைசியா மூடினது?"

"நான்தான். திரு அண்ணன் டெஸ்ட் பாத்துட்டுப் போன பெறகு வயரெல்லாம் கட்டி ஒழுங்குபடுத்தினேன். தனியாத்தான் இருந்தேன். மூடினதும் விமலா வந்து பொட்டு வச்சாங்க."

தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறானே என்று மாதவிக்குத் தோன்றியது. பொய் சொல்கிறவன் இந்த இடத்தில் வேறு யாரையாவது உள்ளே இழுத்திருப்பான். ஆனாலும் மனதுக்குப் படுவதை வைத்து ஒருவனை விட்டுவிட முடியாது. பொட்டு கலையவில்லை. பொட்டுக்கு முன் பெட்டியிடம் தனியாக இருந்தவன் இவன் ஒருவன்தான். மிரட்டினவனும் இவன்தான், பச்சை பட்டனை அமுக்கியவனும் இவன்தான். சிரம்பானுக்குக் கூட்டிப்போய்த் தடுப்புக் காவலில் வைக்க இதுவே தாராளம். அப்புறம் வழக்கு எப்படிப் போனாலும் எந்தப் பட்டறையும் இவனைக் கிட்டச் சேர்க்காது.

ஹேமநாதன் நிமிர்ந்தான். "என்ன உள்ள வச்சா வைங்க, புவான். ரவி அண்ணன் நான் வேணும்னு பண்ணேன்னு நெனைக்கிறாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அந்தக் கேள்வி மாதவியை உறுத்தியது.

விமலா பக்கத்து ஊரான மம்பாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறவள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. ஹேமநாதன் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டதும் அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. எதற்கெடுத்தாலும் சட்டம் போடுகிற ஆள் என்றாள். காலில் சப்பாத்து போடாமல் உள்ளே வரக்கூடாது. மெஷின் மேல் தண்ணீர் பாட்டில் வைக்கக்கூடாது. சட்டைக் கை தொங்கக்கூடாது. நேற்று அவள் பூஜைத் தட்டோடு போனபோதுகூட விடவில்லை, கரண்டு பெட்டிப் பக்கம் தூள் ஆகாது, உள்ளே இருக்கும் காற்றாடி இழுத்துக்கொள்ளும் என்று ஒரு பாடம். சாமிக்கே சட்டமா என்று ரவிச்சந்திரன் கேட்க, திருச்செல்வமும் சேர்ந்து சிரித்தார். ரவி அண்ணன் கிண்டல் பண்ணுவார், ஹேமா முறைப்பார், அடுத்த நிமிடம் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சாப்பிடுவார்கள். இதுதான் இங்கே தினமும் நடப்பது என்றாள்.

"நேத்து சண்டைக்கப்புறமும் பேசிக்கிட்டாங்களா?"

"பூஜை முடிஞ்சு ஹேமா அண்ணன்தான் ரவி அண்ணன மோட்டார்ல வீட்டுல கொண்டுபோய் விட்டாரு."

மாதவி அவளைப் போகச் சொன்னார். மேசையில் இருந்த தேநீரில் ஆடை படிந்திருந்தது. ஒரு வாய் குடித்தார், ஆறிப்போயிருந்தது. கிளாசை வைக்கும்போது கெட்டில் கண்ணில் பட்டது. அதன் வயிற்றில் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம்.

கை அப்படியே நின்றது.

எழுந்து விறுவிறுவென்று மில்லிங் மெஷினின் பின்பக்கம் போனார். தரையில் கொட்டிக் கிடந்த சந்தனப் பொருக்குகளின் பக்கத்தில் குந்தினார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டிக் கதவின் உள்விளிம்பில் விரலால் தடவினார். விரலில் லேசாகச் சிவப்பு ஒட்டியது.

அதற்குப் பிறகு அவர் செய்தது இவ்வளவுதான். விமலாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி. திருச்செல்வத்தைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்வி. ஆஸ்பத்திரியிலிருந்த ரதிக்குப் போன் போட்டு, ஆப்பரேஷனுக்கு முன் ரவிச்சந்திரனால் பேச முடிந்தால் அவரிடமும் அதையே கேட்கச் சொன்னார். மூன்று பதில்களும் ஒன்றாக இருந்தன.

மத்தியானம் பன்னிரண்டரை.

கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது. எல்லாரையும் மில்லிங் மெஷினுக்கு முன்னால் நிற்கவைத்தார் மாதவி. ஹேமநாதனுக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிள் நின்றார். நல்லசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ஆலை இன்ஜினியரை நாளைக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் இவனைச் சீக்கிரம் கொண்டுபோனால் நல்லது என்றும் சொன்னார்.

"கொண்டுபோறேன்" என்றார் மாதவி. "அதுக்கு முன்ன இந்தப் படத்தப் பாருங்க."

கான்ஸ்டபிள் எடுத்த படத்தை அவர் போனில் காட்டினார். பெட்டி, தாழ்ப்பாள், பொட்டு. திருச்செல்வம் கண்களைச் சுருக்கிப் பார்த்தார். காலையில் இதற்கு எதிரே நின்று முத்திரை கலையவில்லை என்று சொன்னவரே அவர்தான். இப்போது அவர் வாய் மெல்லத் திறந்தது. விமலா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் இதுல குங்குமம் வைக்கல" என்றாள்.

"வைக்கல. ஏன்?"

"ஹேமா அண்ணன் வேணாம்னாரு. தூள் உள்ள போகும், சந்தனம் மட்டும் வைன்னாரு. எல்லா மெஷினுக்கும் குங்குமம் வச்சேன். இதுக்கு மட்டும் வெறும் சந்தனம்."

மாதவி எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். காலையிலிருந்து இந்தப் பொட்டை எத்தனை பேர் பார்த்தோம், நானும்தான் பார்த்தேன், என்றார். சந்தனம் என்றால் நடுவில் குங்குமம் இருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண். அதனால் ஒருவரும் கவனிக்கவில்லை. விமலா வைத்த பொட்டு இல்லை இது. நேற்று பூஜைக்குப் பிறகு யாரோ பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். காய்ந்த சந்தனம் உதிர்ந்திருக்கிறது. வேலையை முடித்து மூடியபின், பூஜைத் தட்டில் மீந்திருந்த சந்தனத்தைக் குழைத்துப் புதுப்பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். இன்று காலை மெஷினுக்குக் கரண்டு வந்ததும் காற்றாடி அந்தக் குங்குமத்தில் கொஞ்சத்தை இடுக்கு வழியாக உள்ளே இழுத்திருக்கிறது. ஹேமநாதன் பயந்தது சரிதான்.

"சாவி மூணு பேருகிட்ட இருக்கு. குங்குமம் கூடாதுன்னு சொன்னதே ஹேமநாதன், அவர் வச்சிருக்க மாட்டாரு. திருச்செல்வம் பக்கத்துல நின்னு அதக் கேட்டுச் சிரிச்சிருக்காரு, அவருக்கும் தெரியும். நான் தனித்தனியா கேட்டது ஒண்ணுதான். விமலா பொட்டு வைக்கும்போது யாரு யாரு இருந்தீங்க? மூணு பேரும் நாலு பேர் பேரச் சொன்னாங்க. அஞ்சாவது ஆளு அப்ப சிரம்பான் ரோட்டுல ஜாம்ல இருந்தாரு."

நல்லசாமி கைக்கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தார்.

"நான் எதுக்கு என் ஆளு கையையே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"கையக் கெடுக்க நெனைக்கல. அது எனக்குத் தெரியும்" என்றார் மாதவி. "இது யாரையும் ஏமாத்த வச்ச பொட்டே இல்ல. ஏமாத்த நெனச்சிருந்தா, தொறக்கும்போது என்ன இருந்துச்சுன்னு உத்துப் பாத்துட்டு அதையே வச்சிருப்பீங்க. நேத்து உங்களுக்கு மறைக்க ஒண்ணுமே இல்ல. பூஜை போட்ட மெஷின் பொட்டில்லாம மூளியா நிக்கக்கூடாது. அதுக்காக வச்சீங்க."

அந்த வார்த்தையில்தான் நல்லசாமி உடைந்தார். மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

எல்லாரும் ஒன்றாகக் கிளம்பியது உண்மை. பாதி வழியில் அவர் காரைத் திருப்பினார். நாளைக்கு அந்த இன்ஜினியர் முன்னால் மெஷின் திடீரென்று நின்றுவிட்டால் எல்லாம் போச்சு என்ற நினைப்பு அவரை விடவில்லை. ஹேமநாதன் இழுத்த அந்தப் பாதுகாப்பு வயர்தான் எங்கேயோ விட்டு விட்டு அறுபடுகிறது, அதனால்தான் நிற்கிறது என்று பழைய வயர்மேனுக்குத் தெரியும். ஒரு துண்டு வயர் போட்டால் நிற்காது. இன்ஜினியர் பார்த்துவிட்டுப் போனதும் கழற்றிவிடலாம். யாருக்கும் தெரியவேண்டாம், தெரிந்தால் ஹேமநாதன் விடமாட்டான். பூஜைக்கு மறுநாள் எப்போதும் ஒன்பது மணிக்குத்தான் பட்டறை திறக்கும். அதற்குள் வந்துவிடலாம் என்று நினைத்தார். மெஷினைச் சூடேற்றி வைக்க ஹேமநாதனும் மற்றவர்களும் எட்டு மணிக்கே வருவார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நான் வரும்போது ரத்தம்... சொல்லலாம்னுதான் நெனச்சேன். வாய் வரல."

"வாய் வந்துச்சே" என்றார் மாதவி. அவருக்கு அடக்க முடியாத கோபம் வந்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "போன் பண்ணி ஒரு பேரச் சொல்ல வந்துச்சு. பொய்ப் புகார் தனிக் கேஸ், அத அப்புறம் பேசலாம். இரும்புப் பெட்டி பொட்டில்லாம நிக்குதேன்னு சந்தனம் கொழச்சு வச்சீங்க. பட்டன் வேல செய்யாதுன்னு அது மேல ஒரு சீட்டு ஒட்ட உங்களுக்கு மனசு வரலயே."

நல்லசாமி முகத்தை மூடிக்கொண்டார். விரல் இடுக்கில் திருநீறு உதிர்ந்தது. திருச்செல்வம் வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார், முதலாளியின் முகத்தைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை. ஹேமநாதன் மட்டும் அவர் முன்னால் வந்தான். திட்டுவான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தப் பச்சைய அமுக்கியிருக்க மாட்டேன், பாஸ்" என்றான். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

கான்ஸ்டபிள் அந்த மஞ்சள் வயரைக் கழற்றி உறையில் போட்டார். நல்லசாமியை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும் முன் அவர் பழக்கதோஷத்தில் பட்டறை வாசலைத் தொட்டுக் கும்பிடப் போய், பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

மாதவி கிளம்பவில்லை. போனை எடுத்து ரதியின் நம்பரைப் போட்டார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று ரதி சொன்னாள். மற்றவை தப்பிவிடும் என்று டாக்டர் சொல்கிறாராம். மயக்கம் தெளிந்திருக்கிறது, ஆனால் அதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார், எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றாள். மாதவி போனை ஹேமநாதனிடம் நீட்டினார்.

அவன் அதைக் காதில் வைக்கத் தயங்கினான். மறுமுனையில் நாக்கு குழறிய ஒரு குரல் கேட்டது.

"ஹேமா... நான் செவப்ப அமுக்கினேன்ல?"

"அமுக்கித்தான் வச்சிருந்தீங்க, அண்ணே. நல்லா அமுக்கித்தான் வச்சிருந்தீங்க. பட்டன்தான் வேல செய்யல, யாரோ வயர மாத்திட்டாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஹேமநாதன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். அவன் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு பதிலுக்குத்தான்.

"அப்போ உன் மேலயும் இல்ல லா" என்றார் ரவிச்சந்திரன்.

ஹேமநாதன் போனைத் திருப்பிக் கொடுத்தான். பட்டறைப் படியில் போய் உட்கார்ந்து, ரத்தம் காய்ந்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். மாதவி அவன் அழுது முடிக்கும் வரை ஜீப்பை எடுக்கச் சொல்லவில்லை.